மேட்டில் ஊர், பள்ளத்தில் தண்ணீர்

ஒரே நாளில் இரண்டு ஊர் காட்டும் கோச் டூர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைவு. ஊர் சுற்றிப் பழகியவர்கள் அதைப் பயணக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு அந்த எண்ணம் இல்லை. எழுபதைத் தாண்டிய அப்பாவை அழைத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனபோது, காலையில் டொலேடோ, பிற்பகல் செகோவியா, இரவு மறுபடியும் மாட்ரிட் என்று ஒரு டூரைத்தான் எடுத்தோம். ரயில் நிலையம் தேடி, நடைமேடை தேடி, இறங்கிய இடத்திலிருந்து குன்றின் மேல் இருக்கும் பழைய ஊருக்கு இன்னொரு வண்டி பிடித்து என்று போயிருந்தால், அவரால் இரண்டில் ஒன்றைக்கூட நிம்மதியாகப் பார்த்திருக்க முடியாது. கோச்சில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கினார். அலைச்சலில் போயிருக்க வேண்டிய தெம்பு, பார்ப்பதற்கு மிச்சமானது.

இந்த டூர்களில் உண்மையான சிக்கல் வேறு. இரவு அறைக்குத் திரும்பும்போது எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எந்தத் தேவாலயம் எந்த ஊரில், எந்த ராஜா எந்தக் கோட்டையில், ஒன்றும் தனியாக நிற்காது. எங்களுக்கு அப்படி ஆகாமல் காப்பாற்றியது, காலையிலேயே அப்பா கேட்ட ஒரு கேள்வி.

மாட்ரிட்டிலிருந்து டொலேடோ சுமார் 70 கிலோமீட்டர். ஊருக்குள் போவதற்கு முன்னால், ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் மலைச்சாலையில் வண்டியை நிறுத்தி, எதிர்க்கரையில் இருக்கும் ஊர் முழுவதையும் பார்க்க விடுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லா டூர் வண்டிகளும் நிற்கும் இடம் அது. ஆங்கில வரைபடங்களில் டேகஸ் என்று இருக்கும் தாஹோ நதி, ஆழமான பள்ளத்தாக்கில் ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. நடுவில் பாறை. பாறை முழுக்க வீடுகள். உச்சியில் அல்காசர் கோட்டையின் நான்கு மூலைக் கோபுரங்கள், இந்தப் பக்கம் தலைமைத் தேவாலயத்தின் ஒற்றைக் கூர்கோபுரம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு அங்க அடியில கெடக்கு. ஊரு இங்க உச்சியில இருக்கு. இத்தனை சனத்துக்கும் தண்ணி எப்படிம்மா மேல வந்துச்சு?"

அப்பா பொதுப்பணித்துறையில் இருந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால், மதகு, கலிங்கு என்று தண்ணீரோடேயே வேலைக்காலம் முழுவதும் போனது. எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான். நான் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ராஜாக்களையும் ஓவியங்களையும் பற்றியே தினமும் பேசுகிறவருக்கு, இந்தக் கேள்வி ஒரு மாறுதலாக இருந்திருக்க வேண்டும். வண்டி மறுபடி கிளம்பியதும் ஒலிபெருக்கியில் எல்லோருக்குமாகவே பதில் சொன்னார். அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ரோமானியர்கள் தெற்கே ஓர் அணை கட்டி, அங்கிருந்து கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்து, தாஹோவின் பள்ளத்தைத் தாண்டி ஊருக்குள் விட்டார்கள். அந்த ஏற்பாடு சிதைந்து போனது. பிறகு வந்த முஸ்லிம் ஆட்சிக் காலத்தில், ஆற்றின் வேகத்திலேயே சுழலும் பெரிய நீர்ச்சக்கரம் ஒன்று இருந்தது. அது 90 முழ உயரம் என்று 12ஆம் நூற்றாண்டின் புவியியலாளர் அல் இத்ரீசி எழுதியிருக்கிறார். அதுவும் போன பிறகு, நூற்றாண்டுக் கணக்கில் கழுதைகள்தான். இருபக்கமும் குடங்களைக் கட்டிக்கொண்டு, அந்தச் செங்குத்தான சந்துகளில் தண்ணீர் சுமந்து விற்பதே ஒரு தனித் தொழில். வசதி உள்ள வீடுகளில் முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி கட்டி, கூரையிலிருந்து விழும் தண்ணீரைச் சேர்த்து வைத்தார்கள். அந்தத் தொட்டிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

ஆனால் அப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்தது ஹுவானெலோ துரியானோவின் கதை. இத்தாலியில் கிரெமோனா பக்கத்துக்காரர். கடிகாரம் செய்பவர். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கும் அவர் மகன் இரண்டாம் பிலிப்புக்கும் வேலை செய்தவர். ஆற்று மட்டத்திலிருந்து அல்காசர் நிற்கும் உச்சிவரை, அதாவது ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்துக்கு, தண்ணீரைத் தூக்கும் ஓர் இயந்திரத்தை அவர் செய்து முடித்தார். 1569இல் அது ஓடத் தொடங்கியது. மின்சாரம் கிடையாது, நீராவி கிடையாது. ஆறு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சி, சரிவு நெடுக வரிசையாக நிற்கும் கைகளை ஆட்டும். ஒவ்வொரு கையும் தன் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரை அடுத்ததில் ஊற்றும், அது அதற்கும் மேலே இருப்பதில் ஊற்றும். இப்படிக் கைமாறிக் கைமாறியே தண்ணீர் மேலே ஏறியது. ஒப்பந்தத்தில் சொன்னதைவிட அதிகமாகவே ஏற்றிக் காட்டினார்.

பணம் மட்டும் வரவில்லை. தண்ணீர் போய்ச் சேர்ந்த அல்காசர் அரசனுடையது. எங்களுக்கு ஒரு சொட்டும் வராதபோது நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று நகராட்சி கையை விரித்தது. ஊருக்காகவே இரண்டாவது இயந்திரம் ஒன்றையும் செய்தார், அது 1581இல் முடிந்தது. அதிலும் கடன்தான் மிஞ்சியது. 1585இல் டொலேடோவிலேயே ஏழையாகச் செத்துப்போனார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரசவை டொலேடோவை விட்டு மாட்ரிட்டுக்குப் போனது 1561இல். முதல் இயந்திரம் தண்ணீர் ஏற்றியபோது, யாருக்காக அந்தக் கோட்டை இருந்ததோ அவர்கள் ஊரைக் காலி செய்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

"காண்ட்ராக்டர் பில்லு பாஸாகல, அதானே," என்றார் அப்பா. குரலில் உண்மையான வருத்தம். வேலைக்காலத்தில் அவர் அப்படிப்பட்டவர்களை நேரில் பார்த்தவர்.

அல்காந்தரா பாலத்துக்குப் பக்கத்தில்தான் அந்த இயந்திரம் நின்றது. இன்று அங்கே இல்லை. கோச் எங்களை இறக்கிவிட்ட நிறுத்தத்திலிருந்து அந்தப் பாலம் கண்ணுக்குத் தெரியும் தூரம். அங்கிருந்து மேலே போக இப்போது எஸ்கலேட்டர்கள் வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் அந்தப் படிகளில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்பா திரும்பித் திரும்பிக் கீழே ஆற்றைப் பார்த்தார். ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும், 100 மீட்டர் என்பது எவ்வளவு என்று உடம்புக்கே தெரிந்தது.

மேலே போனதும் சொக்கொதோவர் சதுக்கம். அங்கிருந்து ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு வழிகாட்டியின் பின்னால் நடை. சந்துகள் மிகக் குறுகல். ஒரு சிறிய வேன் வந்தால் நாங்கள் எல்லோரும் வீட்டு வாசல்களில் ஒதுங்கிச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தலைமைத் தேவாலயத்தின் பக்கவாட்டில் போகும் ஒரு தெருவுக்கு 'மர மனிதன் தெரு' என்று பெயர். அதுவும் ஹுவானெலோவைச் சேர்ந்ததுதான். தானே நடக்கும் ஒரு மரப் பொம்மையை அவர் செய்தார் என்றும், அது தெருவில் நடந்து போய் அவருக்காகப் பிச்சை வாங்கி வந்தது என்றும் ஒரு கதை. அவ்வளவு பெரிய பொறியாளரின் பெயரை ஊர் ஞாபகம் வைத்திருப்பது இப்படி.

தலைமைத் தேவாலயத்துக்குள் நாங்கள் போகவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தொடங்கி 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் முடித்த கட்டடம் அது. ஒழுங்காகப் பார்க்க அரை நாள் வேண்டும். எங்களிடம் இருந்த சொற்ப நேரத்தில் அதற்குள் ஓடிவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பதிலாக சான்டோ தோமே தேவாலயத்தில் இருக்கும் ஒரே ஓர் ஓவியத்துக்கு நேரம் கொடுத்தோம். எல் கிரேக்கோ 1586 முதல் 1588 வரை வரைந்த 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்'. சுவர் அளவுக்குப் பெரியது. கீழ்ப் பாதியில் கவசம் அணிந்த சடலத்தை இரண்டு புனிதர்கள் குழிக்குள் இறக்குகிறார்கள், பின்னால் கறுப்பு உடையில் ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், மேல் பாதியில் சொர்க்கம். இடது ஓரத்தில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் நிற்கிறான். ஓவியரின் மகன். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை எட்டிப் பார்க்கிறது. அதன் மேல் ஓவியரின் கையெழுத்தும் 1578 என்ற ஆண்டும் இருக்கின்றன. அது பையன் பிறந்த வருடம். கூட்டம் மூன்று வரிசைக்கு நின்றது. அப்பா பொறுமையாகக் காத்திருந்து முன்னால் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கைக்குட்டையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

இந்த ஓவியம் வரையப்பட்ட காரணமும் எனக்குப் பிடித்தது. இறந்த பிரபு தன் உயிலில், ஓர்காஸ் ஊர்க்காரர்கள் வருடா வருடம் இந்தத் தேவாலயத்துக்கு ஆட்டுக்கிடா, கோழி, ஒயின், விறகு, கொஞ்சம் பணம் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். காலப்போக்கில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாதிரியார் வழக்குப் போட்டு ஜெயித்தார். பிரபுவை இனி யாரும் மறக்கக்கூடாது என்று இந்தப் படத்துக்கு ஏற்பாடு செய்தார்.

அடுத்து, யூதர்கள் வாழ்ந்த பகுதியில் சான்டா மரியா லா பிளாங்கா. அந்த நாளில் நான் அதிக நேரம் நிற்க ஆசைப்பட்ட இடம் இதுதான். வெளியே இருந்து பார்த்தால் சாதாரணமான செங்கல் சுவர். உள்ளே முழுக்க வெள்ளை. குதிரை லாட வடிவ வளைவுகள் வரிசை வரிசையாகப் போகின்றன, எண்கோணத் தூண்களின் தலையில் சுண்ணச் சாந்தில் பைன் காய்களும் கொடிகளும். பார்த்ததும் மசூதி என்றுதான் நினைப்போம். அது 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, கிறித்தவ அரசன் ஆண்ட ஊரில், யூதர்களின் தொழுகைக்காக, இஸ்லாமியக் கட்டடக் கலை தெரிந்த கைகள் கட்டிய ஜெபக்கூடம். டொலேடோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூன்று மதங்களும் ஒற்றுமையாக இருந்த ஊர் என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் சொல்லி முடித்துவிடுவது எனக்கு உறுத்துகிறது. 1391இல் இங்கே யூதர்கள் தாக்கப்பட்டார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கூடம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டுத் தேவாலயம் ஆனது. 1492இல் ஸ்பெயினை விட்டே யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கட்டடத்தின் இன்றைய பெயரே பறித்தவர்கள் வைத்தது. அதை அங்கே நின்று ஹெட்செட்டில் தெளிவாகச் சொன்னதற்காக எங்கள் வழிகாட்டியின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அந்தப் பகுதியிலேயே ஒரு கடையில் மசபான் வாங்கினோம். பாதாமும் சர்க்கரையும் சேர்த்து அரைத்துப் பிடித்து, மேல்புறம் லேசாகச் சிவக்கச் சுட்ட இனிப்பு. டொலேடோவின் அடையாளம். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

கோச் ஊரின் மறுபக்கம் சான் மார்ட்டின் பாலத்தருகே காத்திருந்தது. இறக்கத்தில் ஆறு மறுபடி தெரிந்தது. தடுப்பணையைத் தாண்டி விழும் இடத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை. சலவைத் தொட்டியில் வருவதைப் போன்ற நுரை. மாட்ரிட் நகரத்தின் கழிவுநீர் ஹராமா என்ற துணையாற்றின் வழியாக இங்கே வந்து சேருகிறது. 1972இலிருந்து டொலேடோவில் ஆற்றில் குளிக்கத் தடை. போதாததற்கு, தாஹோவின் தலைப்பகுதியில் இருக்கும் என்ட்ரேபெனியாஸ், புவெந்தியா அணைகளிலிருந்து தென்கிழக்கே சேகுரா படுகைக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் கால்வாய்த் திட்டம் ஒன்று 1979இலிருந்து நடக்கிறது. மேலே நல்ல தண்ணீர் குறைந்தால் கீழே அழுக்கின் பங்கு கூடும். தலைமடைக்கும் கடைமடைக்கும் நடக்கும் அந்தத் தகராறைப் பற்றி அப்பாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "பாவம், இவ்ளோ பெரிய ஆறு" என்றார்.

டொலேடோவிலிருந்து செகோவியா சுமார் 160 கிலோமீட்டர். வழியில் மதியச் சாப்பாடு. சைவம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் உருளைக்கிழங்கு ஆம்லெட்டும் தக்காளி தேய்த்த ரொட்டியும் கிடைத்தன, முட்டை அப்பாவுக்குப் பழக்கம்தான். பிறகு வண்டி குவாதர்ராமா மலைத்தொடரைக் குடைந்து போகும் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. வண்டியில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். இந்த மலைதான் நீர்ப்பிரிவு. தெற்கே விழும் மழை தாஹோவில் சேர்ந்து லிஸ்பனில் கடலைத் தொடும். வடக்கே விழும் மழை துவேரோவில் சேர்ந்து போர்ட்டோவில் கடலைத் தொடும். இரண்டும் போர்ச்சுகல் வழியாக ஒரே அட்லாண்டிக்கில்தான் விழுகின்றன. சுரங்கத்தின் இந்த வாயில் ஓர் ஆற்றின் படுகை, அந்த வாயில் இன்னோர் ஆற்றின் படுகை. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் அப்பா, "இப்ப வேற பேசின் வந்தாச்சு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செகோவியாவுக்குள் நுழைந்து, அசோகெஹோ என்ற சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம். திரும்பினால் முன்னால் தொட்டிப் பாலம், மலைத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவர ரோமானியர்கள் கட்டியது. படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் சரி, அதன் காலடியில் நிற்பது வேறு. இரண்டு அடுக்கு வளைவுகள், மிக உயரமான இடத்தில் 28 மீட்டருக்கு மேல். மொத்தம் 167 வளைவுகள். குவாதர்ராமா மலையின் கருங்கல். சுமார் 20,000 கற்களுக்கு நடுவில் சுண்ணாம்போ சாந்தோ எதுவும் இல்லை. ஒரு கல்லின் எடை இன்னொரு கல்லை அழுத்திப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். கிட்டே போய்ப் பார்த்தால் கற்களின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள். தூக்கி வைக்கும்போது இரும்புக் கிடுக்கியின் பற்கள் பிடித்துக்கொள்ள அவற்றைக் குடைந்திருக்கிறார்கள். அப்பா ஒரு குழிக்குள் விரலை வைத்துப் பார்த்தார். அவர் விரலின் முதல் கணு உள்ளே போனது.

எப்போது கட்டினார்கள்? நடுப்பகுதியில் வளைவுகளுக்கு மேலே ஒரு கல் பட்டையில் துளைகள் தெரிகின்றன. ஒரு காலத்தில் அங்கே வெண்கல எழுத்துகள் பதித்திருந்தார்கள். எழுத்துகள் போய்விட்டன, ஆணித் துளைகள் மட்டும் மிச்சம். அந்தத் துளைகளின் இடத்தை வைத்தே கல்வெட்டு அறிஞர் கேஸா அல்ஃபோல்டி வாசகத்தை மீட்டெடுத்து, திராயான் பேரரசரின் காலம் என்று 1990களில் சொன்னார். பிறகு தூண்களின் அடியில் தோண்டியபோது கிடைத்த பொருள்களை வைத்து, கி.பி. 112க்கு முன்னால் கட்டியிருக்க முடியாது என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. எப்படியும் 1,900 வருடம். 11ஆம் நூற்றாண்டில் 36 வளைவுகளை இடித்தது டொலேடோ அரசர் அல் மாமூனின் படை என்று சொல்வது மரபு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் இசபெல்லா ராணி காலத்தில் அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். உற்றுப் பார்த்தால் அந்த வளைவுகளின் உச்சி லேசாகக் கூம்பியிருப்பது தெரியும். கட்டியது பிசாசு என்று ஒரு கதையும் உண்டு. தண்ணீர்க் குடம் சுமந்து அலுத்துப்போன ஒரு பெண், சேவல் கூவுவதற்குள் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்தால் என் ஆன்மா உனக்கு என்று பிசாசிடம் பேரம் பேசினாள். ஒரே ஒரு கல் மிச்சம் இருக்கும்போது பொழுது விடிந்துவிட்டது. குடம் சுமந்த பெண்ணிலிருந்து கதையைத் தொடங்கியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

குழு இந்த ஊரின் தேவாலயத்தையும், இங்கேயும் அல்காசர் என்றே பெயருள்ள கோட்டையையும் பார்க்க மேற்கே நடக்கத் தயாரானது. அப்பா அசையவில்லை. "தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு வந்துடலாமே" என்றார். வழிகாட்டியிடம் சொன்னோம். திரும்பி வர வேண்டிய நேரத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டுச் சிரித்தபடி அனுப்பினார்.

கிழக்குப் பக்கம், வளைவுகளை ஒட்டியே தெரு ஏறுகிறது. இந்த நடையைச் செகோவியாவுக்குப் போகிற எல்லோரும் போக வேண்டும் என்பேன். நாம் ஏற ஏறத் தொட்டிப் பாலம் குள்ளமாகிக்கொண்டே வருகிறது. மேலே கால்வாயின் மட்டம் மெதுவாகத்தான் மாறுகிறது, தரைதான் உயர்ந்து அதைத் தேடிப் போகிறது. இரண்டு அடுக்கு ஒன்றாகிறது. தியாஸ் சான்ஸ் சதுக்கத்தில் ஒரு திருப்பம். அதற்கப்புறம் வளைவுகள் வீட்டு மாடி உயரத்துக்கு வந்துவிடுகின்றன. துணி காயும் பால்கனிகளும் கார் நிறுத்தங்களும் பக்கத்திலேயே. சுற்றுலாக்காரர்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பையன்கள் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வளைவுகள் ஆள் உயரத்துக்கு இறங்கி, சின்னக் கல் வீடு ஒன்றில் போய் முடிகின்றன.

அந்தக் கல் வீடுதான் அப்பா தேடியது. வண்டல் தொட்டி. 15 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலையில் ஃப்ரியோ என்ற ஓடையிலிருந்து எடுத்த தண்ணீர் தரையோடு தரையாக ஓடிவந்து, இங்கே ஒரு தொட்டியில் வேகம் குறைந்து தேங்கும். மணலும் வண்டலும் அடியில் படியும். தெளிந்த தண்ணீர் மேலாக வழிந்து வளைவுகளின் மேல் ஓடும். அப்பா சுவரைத் தட்டினார், சுற்றி வந்தார், வண்டலை அள்ளி வெளியேற்றும் வழி எங்கே இருந்திருக்கும் என்று ஊகித்தார். இங்கிருந்து வாட்டம் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்று படித்துச் சொன்னேன்.

"நூத்துக்கு ஒண்ணா? நம்ம பக்கத்து வாய்க்காலுக்கெல்லாம் ஆயிரக்கணக்குல ஒண்ணுதான் கெடைக்கும். இது பிச்சுக்கிட்டு ஓடியிருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதனாலதான் வண்டலை இங்கேயே புடிச்சிருக்கான். அந்த வேகத்துல மணலோட விட்டா கல்லை அறுத்துடும்."

அப்பா வேலையில் சேர்ந்த புதிதில் மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் போய்ப் பார்த்தவர். பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் நிற்கும் அதை, உயரத்தில் செகோவியாவைவிட ஒரு படி மேலே வைத்துத்தான் பேசினார். ஆனால் சாந்தே இல்லாமல் நிறுத்தியதையும், 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் இதில் தண்ணீர் ஓடியதையும் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இறக்கத்தில் திரும்பி, நேரத்துக்கு வண்டிக்கு வந்துவிட்டோம். கிளம்பும் வழியில் ஊருக்குக் கீழே ஒரு புல்வெளியோரம் நிறுத்தினார்கள். அங்கிருந்து அல்காசர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் தெரிகிறது. எரெஸ்மா, கிளாமோரெஸ் என்ற இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில், பாறையின் நுனியில் கூம்புக் கோபுரங்களோடு நிற்கிறது. 1474 டிசம்பரில் இசபெல்லா காஸ்டீலின் ராணியாக முடிசூடப் புறப்பட்டது இங்கிருந்துதான். 1862இல் பீரங்கிப் படைக் கல்லூரியாக இருந்தபோது பெருந்தீயில் எரிந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டது. தொட்டிப் பாலத்தின் தண்ணீர் ஊர்ச் சுவருக்குள் நுழைந்த பிறகு நிலத்தடிக் கால்வாயாக முழு ஊரையும் கடந்து கடைசியில் போய்ச் சேர்ந்ததும் இந்தக் கோட்டைக்குத்தான். ஆக, தொடக்கத்தைத் தொட்டுப் பார்த்து, முடிவைக் கீழே இருந்து பார்த்தாயிற்று.

இந்த டூர் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆவிலாவையும் சேர்த்து மூன்று ஊர் காட்டுகிறோம் என்று விற்கிறார்கள், விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. எடுக்காதீர்கள். ஆவிலாவின் கோட்டைச் சுவர் மட்டுமே இரண்டரைக் கிலோமீட்டர், 1,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் அருமையான ஊர். அதற்கு ஒரு மணி நேரம் கொடுப்பது அநியாயம். பதிவு செய்யும்போது எத்தனை இடம் என்று கேட்காமல், ஒவ்வொரு ஊரிலும் நம் இஷ்டத்துக்கு எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேளுங்கள். நுழைவுச் சீட்டு எதெதற்கு அடக்கம் என்றும் கேளுங்கள். டொலேடோவில் உருளைக்கல் பாவிய தெருக்கள், நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும்.

திரும்பும்போது டொலேடோ தேவாலயத்தை விட்டதைப் பற்றி அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அதன் பலிபீடத்துக்குப் பின்னால் கூரையைத் திறந்து வெளிச்சத்தை இறக்கிய சிற்ப வேலை ஒன்று இருக்கிறது, அதற்காகவாவது மறுபடி போக வேண்டும் என்பது என் எண்ணம். அவருக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. அவர் மனதில் இருந்தது காலையில் வழிகாட்டி சொன்ன ரோமானிய அணை. டொலேடோவுக்குத் தெற்கே மசராம்ப்ரோஸ் பக்கம் அதன் சுவர் இடிந்து கிடக்கிறது, பெயர் அல்காந்தரில்யா. படங்களைத் தேடி எடுத்துக் காட்டினேன். சுவர் தண்ணீர் நின்ற பக்கமாகவே சாய்ந்து விழுந்திருக்கிறது. தண்ணீரின் அழுத்தம் தள்ளியிருந்தால் மறுபக்கம் அல்லவா விழ வேண்டும் என்று கேட்டேன். அணை காலியாக இருந்த சமயத்தில், தாங்கலுக்காகப் பின்னால் கொட்டி வைத்த மண்கரையே சுவரை உள்ளே தள்ளியிருக்கும் என்று அப்பா விளக்கினார். கையைச் சுவராக நிறுத்தி, மறு கையால் மண்ணைப் போல அழுத்திக் காட்டினார். இரவு படித்துப் பார்த்தேன், அங்கே ஆராய்ந்தவர்கள் சொல்லும் காரணமும் அதுதான். எந்தக் கோச்சும் அங்கே போவதில்லை, வாடகைக் கார்தான் எடுக்க வேண்டும். டொலேடோவில் ஓர் இரவு தங்கினால் காலையில் தேவாலயம், பிற்பகல் அணை என்று இரண்டுக்கும் சரியாக இருக்கும்.